மாமனார் இருந்தார்

அந்தத் தொலைக்காட்சி நிலையத்தில் வருஷத்துக்கு ஒருமுறை எல்லோருக்கும் ஓர் உத்தரவு வரும். யார் எந்தப் பிரிவில் தொடர்ந்து வேலை பார்க்கப்போகிறார் என்று அதில் எழுதியிருக்கும். போன வருஷம் உட்கார்ந்த நாற்காலியில்தான் இந்த வருஷமும் உட்காரப்போகிறோம் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் நிலையத்துக்கும் தெரியவேண்டும் அல்லவா, அதற்காக இந்த ஏற்பாடு. கையெழுத்துப் போட்டு வாங்கி, படிக்காமல் இழுப்பறையில் தள்ளிவிட்டு டீ குடிக்கப் போவதுதான் வழக்கம். வசனமும் இருபத்திரண்டு வருஷம் அப்படித்தான் செய்தார். இருபத்து மூன்றாம் வருஷம், டீக்கடை திறக்காததால், படித்துத் தொலைத்தார்.

வசனம் என்பது அவர் பெயரல்ல. சிரிப்புத் தொடர்களுக்கு வசனம் எழுதி எழுதி, பிறகு தயாரிப்பாளராகவும் ஆன பின்னும், வாசல் காவலரிலிருந்து நிலைய இயக்குநர் வரை அவரை அப்படியே கூப்பிட்டார்கள். வீட்டில் மனைவி "என்னங்க" என்பார். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

உத்தரவில் ஒரே வரி. "மேற்படியார் சிறப்புப் பிரிவில் தொடர்ந்து பணியாற்றுவார்."

வசனம் வேலை பார்த்தது சிரிப்புப் பிரிவில். நிலையத்தை ஆரம்பித்த முதல் இயக்குநர் எளிமையான தமிழில் பிடிவாதம் உள்ளவர். நகைச்சுவைப் பிரிவு என்று எழுதிய பலகையைப் பார்த்துவிட்டு, "இதைப் படிச்சா எவனுக்குச் சிரிப்பு வரும்?" என்று கேட்டு, சிரிப்புப் பிரிவு என்று மாற்றி எழுதவைத்தார். சிறப்புப் பிரிவு என்பது வேறு. பெரிய மனிதர்கள் காலமானால் அஞ்சலி, விபத்து நடந்தால் நினைவு நாள், இதெல்லாம் அங்கே. அதில் தயாரிப்பாளராக இருந்தது ஒரே ஆள். அவர் போன மாதம்தான் ஓய்வு பெற்று, விடைபெறும் கூட்டத்தில் தனக்கே ஓர் அஞ்சலி வாசித்துவிட்டுப் போயிருந்தார். அந்த நாற்காலி காலியாக இருந்தது. தட்டச்சு செய்தவர் கையில் ரி வரவேண்டிய இடத்தில் ற வந்துவிட்டது. நடந்தது அவ்வளவுதான்.

வசனம் சிரித்துக்கொண்டேதான் நிர்வாக அதிகாரி அம்மாவின் அறைக்குப் போனார். அந்த அம்மா உத்தரவை வாங்கி, கண்ணாடியை ஏற்றி ஒருமுறையும் இறக்கி ஒருமுறையும் படித்தார்.

"இதுல என்ன சார் தப்பு?"

"நான் சிரிப்பு மேடம். இதுல சிறப்புன்னு இருக்கு."

"நல்லதுதானே."

"இல்ல மேடம், எழுத்துப் பிழை. ரி போடற இடத்துல ற போட்டுட்டாங்க."

"எழுத்துப் பிழைன்னா எழுத்து தப்பா இருக்கணும். சிறப்புங்கற வார்த்தையில எந்த எழுத்து தப்பு? நீங்க எழுதறவர், நீங்களே சொல்லுங்க."

வசனம் அந்த வார்த்தையை எழுத்து எழுத்தாகப் பார்த்தார். ஒன்றிலும் குற்றம் சொல்ல முடியவில்லை. அந்த அம்மா காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டினார். பிழை திருத்தும் பிரிவின் முத்திரை குத்தியிருந்தது. "பிழையில்லை" என்று பச்சை மையில் கையெழுத்து.

"பாத்தீங்களா. பிழையில்லைன்னு சான்று கொடுத்த ஒண்ணை நான் திருத்தினா, நான்தான் பிழை பண்ணினவளாவேன். அது என் பேர்ல பதிவாகும். பதினாறு வருஷமா நான் ஒரு காகிதத்தையும் திருத்தினது இல்ல சார். அதனாலதான் இந்த நாற்காலியில உக்காந்திருக்கேன்."

"அப்ப சிரிப்புப் பிரிவுக்கு யாரு?"

"அப்படி ஒரு பிரிவே இந்த வருஷ உத்தரவுல இல்லையே. இல்லாத பிரிவுக்கு எப்படி ஆள் போடறது? அடுத்த வருஷம் உத்தரவு வரும்போது ரி போடச் சொல்றேன். ஞாபகப்படுத்துங்க."

"என் தொடர் என்னாகும் மேடம்? ஞாயித்துக்கிழமை ஒளிபரப்பாகணும்."

"தொடர்ந்து பணியாற்றுவார்னு போட்டிருக்கு. தொடர் அதுலயே வந்துடுச்சு சார். நீங்க போற பிரிவுக்கு அதுவும் வரும்."

வசனம் வெளியே வந்தபோது முகத்தில் ஈயாடவில்லை. ஆனாலும் தொடர் நிற்கவில்லை என்பதில் ஓர் ஆறுதல் இருந்தது.

தொடரின் பெயர் "மாமனார் இருக்கார்". இரண்டு நாள் தங்கிவிட்டுப் போகலாம் என்று மகள் வீட்டுக்கு வந்த மாமனார், எட்டு வருஷமாகக் கிளம்பாமல் இருப்பதுதான் கதை. ஞாயிறு மாலை நாலு மணிக்கு வரும். மாமனாராக நடித்தவர் எழுபத்தொரு வயது நடிகர். படப்பிடிப்பில் எல்லோரும் அவரை மாமா என்றே கூப்பிடுவார்கள். முப்பது வருஷத்துக்கு முன் வசனம் ஒரு நாடக மேடைக்காக எழுதிய முதல் வசனத்தைப் பேசியவர் அவர். அன்று கடைசி வரிசைவரை சிரித்தது. அன்றிலிருந்து வசனம் எழுத உட்கார்ந்தால் காதில் கேட்பது அவர் குரல்தான். வசனம் எழுதுவார், மாமா பேசுவார், ஊர் சிரிக்கும். இதைத் தவிர வாழ்க்கையில் தனக்கு வேறெதுவும் தெரியாது என்பதை வசனம் எந்த வெட்கமும் இல்லாமல் ஒப்புக்கொள்வார்.

சிறப்புப் பிரிவுக்கு ஒரு நடைமுறைக் கையேடு இருந்தது. கறுப்பு அட்டை. அதோடு ஒரு விதிக் கண்காணிப்பாளரும் இருந்தார். ஒல்லியான, பணிவான மனிதர். யார் மனதையும் நோகடிக்கமாட்டார். ஆனால் கையேட்டிலிருந்து ஒரு கமாவைக்கூட விட்டுக்கொடுக்கமாட்டார். அவர் படப்பிடிப்புக்கு வந்து, மாமாவுக்கு வணக்கம் சொல்லி, கையேட்டைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"முதல்ல உடை சார். கறுப்பு, வெள்ளை, சாம்பல். அந்த மருமகன் தம்பி போட்டிருக்கற பூப்போட்ட சட்டையைக் கழட்டிடலாம். அப்புறம் வேகம். ஒரு வாக்கியத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவுல நீளமா ஒரு மூச்சு விடணும். முக்கியமானது பதினேழாவது விதி. வினைச்சொல் எல்லாமே இறந்த காலத்துலதான் வரணும்."

"சிரிப்புத் தொடருக்கு இறந்த காலமா?"

"பிரிவுக்கு சார். பிரிவுல என்ன வந்தாலும்."

தொடரின் பெயரிலேயே சிக்கல் ஆரம்பித்தது. 'இருக்கார்' நிகழ்காலம். கண்காணிப்பாளர் மிகுந்த வருத்தத்தோடு அதை அடித்துவிட்டு "இருந்தார்" என்று எழுதினார்.

பிறகு வசனங்கள். அன்றைய காட்சியில் பக்கத்து வீட்டுக்காரர், "உங்க மாமனார் எப்படி இருக்கார்?" என்று கேட்பார். "எப்படி இருந்தா என்ன, என் வீட்டுலதானே இருக்கார்" என்று மருமகன் சலித்துக்கொள்வான். இதற்கு ஊர் சிரிக்கும் என்று வசனம் கணக்குப் போட்டிருந்தார். விதிப்படி அது இப்படி மாறியது. "உங்கள் மாமனார் எப்படி இருந்தார்?" ஒரு நீண்ட மூச்சு. "எப்படி இருந்தால் என்ன… என் வீட்டில்தானே இருந்தார்." சாம்பல் சட்டை போட்ட மருமகன் இதைச் சொல்லி முடித்தபோது கேமராக்காரர் மூக்கை உறிஞ்சினார்.

மாமா தன் பங்குக்கு, உள்ளேயிருந்து வந்து, "காபி இருந்ததா?" என்று கேட்டார்.

சிரிப்பொலி சேர்க்கும் நேரம் வந்தபோது இன்னொரு சங்கதி தெரிந்தது. சிறப்புப் பிரிவின் ஒலி நூலகத்தில் சிரிப்பு கிடையாது. விம்மல், பெருமூச்சு, கனத்த மௌனம் என்று மூன்றே வகைதான். ஒலிக்காரர், வசனத்தின் பழைய தோழர், கையைப் பிசைந்தார். கடைசியில் ஒவ்வொரு நகைச்சுவைக்கும் மூன்று வினாடி பெருமூச்சு போட்டார்கள். மாமா காபி கேட்ட இடத்தில் விம்மல் போட்டுவிட்டார் ஒலிக்காரர். பெருமூச்சு தீர்ந்துவிட்டது என்றார்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று. சிறப்புப் பிரிவு நிகழ்ச்சியில் முக்கிய நபர் முதலில் திரையில் வரும்போது, கீழே அவர் பிறந்த வருஷத்தைப் போட்டு, பக்கத்தில் ஒரு கோடு போடவேண்டும். மாமாவின் முகத்துக்குக் கீழே பிறந்த வருஷம் வந்தது. கோடும் வந்தது. கோட்டுக்கு அந்தப் பக்கம் எதுவும் இல்லை.

"அங்க என்ன போடறது?" என்று வசனம் கேட்டார்.

"இப்போதைக்குக் காலியா இருக்கட்டும் சார்" என்றார் கண்காணிப்பாளர். "அவசரமில்ல."

ஞாயிறு நாலு மணிக்குத் தொடர் போனது. நாலரைக்கு நிலையத்தின் தொலைபேசிகள் அடிக்க ஆரம்பித்தன. திங்கட்கிழமை வாசலில் ஒரு மலர்வளையம் இருந்தது. புதன்கிழமைக்குள் மூன்று மூட்டைக் கடிதம் வந்து சேர்ந்தது. எட்டு வருஷத்தில் அவ்வளவு கடிதம் வந்ததில்லை. ஒரு பாட்டு வாத்தியார், மாமனார் இல்லாத ஞாயிற்றுக்கிழமையை இனி எப்படிக் கடப்பது என்று பதினோரு பக்கம் எழுதியிருந்தார்.

மாமா வியாழக்கிழமை காலையில் போன் பண்ணினார்.

"டேய் வசனம், நான் செத்துட்டேனாடா?"

"மாமா, அது வந்து…"

"இல்ல, தெரிஞ்சுக்கலாம்னுதான். முடிவெட்டிக்கப் போனேன். வெட்டறவர் கத்திரியைக் கீழ வச்சுட்டு அழறார். என்னப்பான்னு கேட்டா, 'அண்ணன் மாதிரியே இருக்கீங்க சார்'ங்கறார். நான்தான்யா அதுன்னேன். அவர் நம்பலை. 'துக்கத்துல அப்படித்தான் தோணும்'னுட்டார்."

வசனத்துக்குச் சிரிப்பு வந்தது. வந்ததற்காகத் தன்மேலேயே கோபமும் வந்தது.

"சிரிச்சுக்கோ. பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு என்னைக் கூப்பிட்டிருந்தாங்கல்ல? குடும்பத்தாருக்கு ஆழ்ந்த அனுதாபம், வேற ஆளைப் பாத்துக்கிட்டோம்னு கடிதம் வந்திருக்கு. நாடகக் குழுவுல என் வேஷத்தை இன்னொருத்தருக்குக் கொடுத்தாச்சு. நேர்ல போய் நின்னேன். அங்க ஒரு அம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டு என்ன சொன்னாங்க தெரியுமா? 'உங்க அண்ணன் பெரிய கலைஞர். நீங்க அவரோட அளவுக்கு வரமுடியாது, ஆனா முயற்சி பண்ணுங்க'ன்னாங்க."

"நான் சரி பண்றேன் மாமா."

"பண்ணுடா. எனக்கு மேடையைத் தவிர போக்கிடம் இல்ல. வீட்ல உக்காந்தா நான் நிஜமாவே போயிடுவேன்." இதை அவர் சிரிக்கவைக்கும் குரலில் சொல்லவில்லை.

வசனம் நிலைய இயக்குநரைப் பார்க்க நான்கு நாள் ஆயிற்று. இயக்குநர் கனிவானவர். யார் என்ன குறை சொன்னாலும் தலையைச் சாய்த்து முழுதாகக் கேட்பார். கேட்பதே ஒரு நடவடிக்கை என்பது அவர் நம்பிக்கை.

"மாமா உயிரோட இருக்கார்னு ஒரே ஒரு வரி போட்டா போதும் சார்" என்றார் வசனம்.

"போடலாமே. எந்தப் பிரிவு போடும்?"

"என் பிரிவே போடட்டும்."

"நீங்க சிறப்பு. இறந்த காலத்துலதான் போடமுடியும். 'உயிரோடு இருந்தார்'னு வரும்." இயக்குநர் அதை மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா உங்க நோக்கம் அதுல வராது. செய்திப் பிரிவைக் கேட்டுப் பாருங்க."

செய்தி ஆசிரியர் தலையைத் தூக்காமலே பதில் சொன்னார். "ஒருத்தர் செத்தா அது செய்தி. ஒருத்தர் உயிரோட இருக்கறது எப்படிங்க செய்தியாகும்? இந்த ஊர்ல எத்தனையோ பேர் உயிரோட இருக்காங்க. ஒருத்தரைச் சொல்லிட்டு மத்தவங்களை விட்டா பாரபட்சம்."

"அவர் செத்துட்டார்னு ஜனங்க நினைக்கறாங்களே."

"நாம அப்படிச் சொன்னோமா? கோடுதானே போட்டோம். கோட்டுக்கு மறுப்பு போடற வழக்கம் கிடையாது."

வசனம் மறுபடி இயக்குநரிடம் வந்து நின்றார். நிற்கிற தோற்றத்தைப் பார்த்து இயக்குநருக்கே மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. அவருக்கு ஒரு யோசனை வந்தது. இந்தக் கதையில் வந்த எல்லோருக்கும் நல்ல எண்ணம்தான் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

"ஜனங்க இவ்வளவு வருத்தப்படறாங்க. நிலையம் சும்மா இருந்தா நல்லா இருக்குமா? நம்ம அரங்கத்துலயே ஒரு நினைவேந்தல் நடத்தி, தொடர் வர்ற ஞாயிறு நாலு மணிக்கே ஒளிபரப்புவோம். அவரையே கூப்பிடுவோம். முன்வரிசையில வந்து உக்காரட்டும். ஊரே பாக்கப்போகுது. இதைவிட ஒரு மறுப்பு வேணுமா?"

வசனம் யோசித்தார். எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் அதில் ஒரு நியாயம் இருந்தது. தன் நினைவேந்தலில் உட்கார்ந்திருக்கும் ஆளைப் பார்த்தும் அவர் செத்துவிட்டார் என்று யாராவது நம்புவார்களா? மாமாவிடம் சொன்னபோது அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "நான் பேசலாமா?" நிகழ்ச்சி நிரலில் 'மறைந்தவர் உரை' என்று ஓர் இடம் கிடையாது என்றார் வசனம். "சரி, உக்காந்திருக்கேன்" என்றார் மாமா.

அரங்கத்தில் இருநூறு பேர். முன்வரிசை நாற்காலிகளில் 'அதிகாரிகள்' என்றும் 'குடும்பத்தார்' என்றும் அட்டைகள் வைத்திருந்தார்கள். மாமா எதில் உட்காருவது என்று தெரியாமல் நின்றார். கண்காணிப்பாளர் கையேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, மறைந்தவருக்கு இருக்கை ஒதுக்கும் வழக்கமில்லை என்றும், குடும்பத்தாரில் உட்கார்ந்தால் தவறில்லை என்றும் பணிவாகச் சொன்னார். மாமா தன் மகளோடு குடும்பத்தாரில் உட்கார்ந்தார். பின்னால் வசனத்தின் மனைவி உட்கார்ந்திருந்தார். மேடையில் மாமாவின் படம், ஆள் உயரத்துக்கு.

இயக்குநர் பேசினார். "அன்னாரை நான் நேரில் பார்த்ததே இல்லை. அவருடைய தொடர் எட்டு ஆண்டுகள் நம் நிலையத்தில் ஒளிபரப்பானது. ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு ஓய்வு தேவைப்பட்டதால் ஒரு பகுதியையும் பார்க்க இயலவில்லை. ஆனால் அவருடைய மறைவு எனக்கு மிக நெருக்கமானது. அவர் இருந்தபோது இந்த நிலையம் அவருக்கு ஒன்றும் செய்யவில்லை என்று சிலர் குறை சொல்லலாம். இருக்கிறவர்களுக்குச் செய்ய ஆரம்பித்தால் அதற்கு முடிவேது?"

மாமா கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். நடுவில் ஒருமுறை தலையாட்டினார்.

நிர்வாக அதிகாரி அம்மா, அன்னாரைப் பற்றிய கோப்பில் ஒரு திருத்தம்கூட இல்லை என்று குரல் தழுதழுக்கச் சொன்னார். பிறகு கண்காணிப்பாளர் ஒலிபெருக்கிக்கு வந்து, எல்லோரும் எழுந்து ஒரு நிமிடம் மௌனம் காக்கும்படி கேட்டுக்கொண்டார்.

இருநூறு பேரும் எழுந்தார்கள். மாமாவும் எழுந்தார். சபை மரியாதை தெரிந்தவர். வசனம் கேமராவுக்குப் பக்கத்தில் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். பத்து வினாடி போயிற்று. மாமாவுக்கு முழங்காலில் வலி உண்டு. நிற்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவர் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறினார். பிறகு மகள் பக்கம் குனிந்து ரகசியமாகக் கேட்டார். ஐம்பது வருஷ மேடைக் குரல். ரகசியம் கடைசி வரிசைவரை போயிற்று.

"எனக்காகத்தானேம்மா நிக்கறாங்க? நான் உக்காந்துக்கலாமா?"

முதலில் சிரித்தது வசனத்தின் மனைவி. கையால் வாயைப் பொத்தியும் அடங்கவில்லை. அடுத்து மகள் அப்பாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பிறகு அரங்கமே சிரித்தது. இருநூறு பேரும் நின்றபடியே குலுங்கினார்கள், ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள், கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார்கள். நிர்வாக அதிகாரி அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டார். இயக்குநர் மேஜையில் நெற்றியை வைத்துக்கொண்டார். மௌனத்தின் மிச்சம் ஐம்பது வினாடியும் சிரிப்புதான். மாமா உட்கார்ந்து, ஒன்றும் தெரியாதவர்போல் மேடையில் இருந்த தன் படத்தைப் பார்த்தார். அதற்கு இன்னொரு முறை சிரித்தார்கள்.

வசனத்துக்கு உயிர் வந்தது. முப்பது வருஷத்தில் அவர் எழுதிய எதற்கும் அப்படி ஒரு சிரிப்பு வந்ததில்லை. அவர் எழுதாத வரி அது. அதைப் பற்றிப் பொறாமைகூடத் தோன்றவில்லை. போதும், ஞாயிற்றுக்கிழமை ஊர் இதைப் பார்க்கும், திங்கட்கிழமை மாமாவைத் தேடி வருவார்கள் என்று நினைத்தார். அன்று மனைவியோடு வீடுவரை நடந்தே போனார். வழியெல்லாம் இருவரும் அந்த வரியை மாற்றி மாற்றிச் சொல்லிச் சிரித்தார்கள்.

மறுநாள் காலை ஒலிக்காரர் அவரை அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தினார்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. மௌனம்னு போட்ட இடத்துல பேச்சு வரக் கூடாதாம். மாமா பேசினதை எடுக்கச் சொல்லிட்டாங்க."

"எடுத்துட்டா ஜனங்க எதுக்குச் சிரிக்கறாங்கன்னு எப்படித் தெரியும்?"

"அந்தச் சிரிப்பையும் எடுக்கணும். நூலகத்துல இருக்கற சத்தம்தான் போகணுமாம். அதோட, மறைந்தவரை அவரோட அஞ்சலியிலயே உயிரோட காட்டக் கூடாதுன்னு நாப்பதாவது விதி. அவர் உக்காந்திருக்கற இடத்துல படத்தை ஒட்டச் சொல்லியிருக்காங்க."

அவர் திரையைப் போட்டுக் காட்டினார். இருநூறு பேர் நின்றார்கள். திடீரென்று ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். இன்னொருத்தி முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பிறகு எல்லோரும் தோள் குலுங்க, ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். இயக்குநர் மேஜையில் சரிந்தார். பின்னணியில் விம்மல் ஓடியது. விம்மல் அவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியது. சிரிப்பும் அழுகையும் தோளில் ஒரே மாதிரிதான் இருக்கும் என்பது இத்தனை வருஷம் சிரிப்பு எழுதியவருக்கு அன்றுதான் தெரிந்தது.

"நான் கையெழுத்துப் போடமாட்டேன்" என்றார் வசனம். தயாரிப்பாளர் கையெழுத்து இல்லாமல் எதுவும் ஒளிபரப்பாகாது. அது ஒன்றுதான் அவர் கையில் இருந்தது.

கண்காணிப்பாளர் வருத்தத்தோடு வந்தார். "உங்க மனசு எனக்குப் புரியுது சார். தாராளமா மறுக்கலாம். இருபத்து நாலு மணி நேரத்துக்குள்ள போடலைன்னா போட்டதா எடுத்துக்கறதுதான் விதி. துக்கத்துல இருக்கற தயாரிப்பாளரைத் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு, இரக்கப்பட்டு வச்ச விதி."

வசனம் இருபத்து நாலு மணி நேரமும் பேனாவைத் தொடவில்லை. அவர் அதற்குமேல் என்ன செய்திருக்க முடியும்? அவர் யோசித்துத்தான் பார்த்தார். இயக்குநர் அறை பூட்டியிருந்தது. செய்தி ஆசிரியர் கூட்டத்தில் இருந்தார். நிர்வாக அதிகாரி அம்மா, "பிழை எங்கன்னு காட்டுங்க சார்" என்றார். சனிக்கிழமை வசனத்தின் மேஜைமேல் ஒரு காகிதம் இருந்தது. 'கையெழுத்திட்டார்' என்று இறந்த காலத்தில் எழுதியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மூன்றரை மணிக்கு வசனம் மாமாவின் வீட்டுக்குப் போனார். நாலு மணிக்குள் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனார். மாமா புதுச் சட்டை போட்டுக்கொண்டு, தலை வாரி, டிவிக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வசனத்துக்கும் ஒரு நாற்காலி.

"வாடா. நாளைக்கு நாடகக் குழுவுக்குப் போறேன்னு சொல்லி வச்சிருக்கேன். என் வேஷத்தை எனக்கே கொடுக்கறாங்களா பாப்போம்."

"மாமா, ஒரு விஷயம்."

"அப்புறம் சொல்லு. ஆரம்பிக்கப்போகுது."

வசனம் வாயைத் திறந்தார். வாழ்நாள் முழுக்க அந்த மனிதருக்காக வசனம் எழுதியவருக்கு, அந்த ஒரு வரி வரவில்லை. அதற்குள் பெயர்கள் ஓட ஆரம்பித்தன. தயாரிப்பு என்ற இடத்தில், வீட்டிலும் வெளியிலும் யாரும் கூப்பிடாத அவருடைய சொந்தப் பெயர் வந்தது. பிறகு மாமாவின் முகம். கீழே பிறந்த வருஷம், கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம் இந்த வருஷத்தைப் போட்டிருந்தார்கள். நினைவேந்தலே நடந்துவிட்ட பிறகு காலியாக விடுவது முறையில்லை என்று யாரோ நல்ல எண்ணத்தில் செய்திருக்கவேண்டும்.

திரையில் இயக்குநர் பேசினார், அதிகாரி அம்மா பேசினார், எல்லோரும் எழுந்தார்கள். மாமா நின்ற இடத்தில் அவர் படம் இருந்தது. மாமா நாற்காலி விளிம்புக்கு நகர்ந்து, தன் வரிக்காகக் காத்திருந்தார். வரி வரவில்லை. விம்மல் எழுந்தது. இருநூறு பேர் குலுங்கிக் குலுங்கி அழுதார்கள்.

மகள் சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். அன்று அரங்கத்தில் சிரித்தவள்தான். திரையில் தான் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுவதைப் பார்த்தாள். "என்னப்பா இது" என்றாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்து, அப்பாவின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, நிஜமாகவே அழ ஆரம்பித்தாள்.

"மாமா, நான் கையெழுத்துப் போடலை" என்றார் வசனம்.

மாமா மகளின் தலையைத் தடவிக்கொடுத்தார். கண் திரையைவிட்டு அகலவில்லை. அதில் அவருடைய படம் மெல்லப் பெரிதாகி வந்தது. அவர் நாக்கை 'ச்சு' என்று தட்டினார்.

"பாவம், நல்ல மனுஷன்" என்றார்.

முப்பது வருஷமாக அந்தக் குரலின் ஏற்ற இறக்கம் அத்தனையும் வசனத்துக்குத் தெரியும். எந்த வரியில் சிரிக்கவேண்டும் என்று அவருக்குத் தெரியாமல் போனதே இல்லை. இப்போது தெரியவில்லை. அவர் மாமாவின் முகத்தையே பார்த்தபடி காத்துக்கொண்டிருந்தார்.